சிவப்பு ஹன்யா: உருஷி பூசிய நெட்சுகே முகமூடி ஒன்றைச் செப்பனிட்ட பதிவு

உயரம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர், அகலம் அதற்குச் சற்றுக் குறைவு. உள்ளங்கையில் வைத்து மூடினால் வெளியே தெரியாத மர முகமூடி; இடைக்கச்சைக் கயிற்றின் முனையில் கட்டும் நெட்சுகே என்னும் சிறு கட்டை. பொறாமையும் துயரமும் முற்றிப் பேயுருக் கொண்ட பெண்ணைக் குறிக்கும் ஹன்யா என்னும் முகம் அது. நெற்றியின் இருபுறமும் கொம்புகள், காது வரை விரிந்த வாய், மேலும் கீழும் கோரைப் பற்கள், நெரிந்த புருவங்களுக்குக் கீழே பிதுங்கி நிற்கும் கண்கள். நோ எனப்படும் ஜப்பானிய முகமூடி நாடக மேடையில் வெளிறிய ஹன்யா உயர்குடிப் பெண்ணுக்கும், சிவந்த ஹன்யா அதற்குக் கீழான நிலையில் உள்ளவளுக்கும் உரியது என்பது மரபு, இது சிவப்பு. கியோட்டோவின் தோஜி கோயில் வளாகத்தில் ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி, கோபோ தைஷி என்று போற்றப்படும் பௌத்தத் துறவி கூகாயின் நினைவு நாளில் கூடும் சந்தையில் இதை வாங்கினேன். இடது கொம்பு ஒடிந்து காகிதப் பொட்டலம் ஒன்றில் தனியே இருந்தது. வலது கன்னத்திலும் நெற்றியிலும் பூச்சு மரத்தை விட்டு எழும்பி, ஓரிரு இடங்களில் உதிர்ந்தும் போயிருந்தது. கண்களிலும் பற்களிலும் யாரோ பித்தளைப் பொடி கலந்த வண்ணத்தை அப்பியிருந்தார்கள். விலை குறைவாக இருந்ததற்கு இவையே காரணம். நான் வாங்கியதற்கும் இவையே காரணம். குறையில்லாத நெட்சுகேயைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்க்கலாமே தவிர, அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை அது எளிதில் சொல்லிவிடுவதில்லை.

நெட்சுகே அலங்காரப் பொருளாகப் பிறந்ததன்று. கிமோனோவில் பை கிடையாது. ஆகவே எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) ஆண்கள் மருந்துகளை வைக்கும் அடுக்குப் பேழையான இன்ரோவையும், புகையிலைப் பையையும், பணப் பையையும் ஒரு கயிற்றில் கோத்து, அக்கயிற்றை இடைக்கச்சையின் உட்புறமாக மேலே இழுத்து, அது நழுவிவிடாமலிருக்க அதன் முனையில் ஒரு கட்டையைக் கட்டினார்கள். அந்தக் கட்டையே நெட்சுகே. நாள் முழுவதும் துணியிலும் கையிலும் உராய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருளாதலால், கூர்முனைகள் உள்ளடங்கியும் வடிவம் உருண்டும் இருப்பதே நல்ல வேலைக்கு அடையாளம். 1781இல் ஒசாகாவில் இனாபா ட்சூர்யூ வெளியிட்ட நூல்தான் நெட்சுகே செதுக்கியவர்களை முதன்முதலாகப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அந்த நூற்றாண்டுக்குள் இது தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டிருந்தது. முகமூடி வடிவ நெட்சுகேக்களில் பெயர்பெற்றது தெமே குடும்பம். பரம்பரையாக நோ முகமூடிகளைச் செதுக்கியவர்கள் அவர்கள்; தெமே ஊமான், தெமே ஜோமான் என்ற கையொப்பங்கள் சந்தையில் அடிக்கடி கண்ணில் படும். அவ்வளவு அடிக்கடிப் படுவதே ஐயத்துக்குரியது என்பது என் கருத்து. கையொப்பத்தைப் பிறகு வெட்டிச் சேர்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். என்னிடம் வந்த ஹன்யாவில் கையொப்பம் இல்லை. அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

தந்தத்தை நான் சேகரிப்பதில்லை. ஆசிய யானை 1975இலும் ஆப்பிரிக்க யானை 1990இலும் பன்னாட்டு வணிகத் தடைக்குள் வந்துவிட்டன. பிரிட்டனில் பழைய தந்தப் பொருள்களின் விற்பனைக்குக்கூட 2022 முதல் கடுமையான சட்டம் இருக்கிறது. இந்தியாவுக்குள் அவற்றைக் கொண்டுவருவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். மரமும், மரப்பாலால் ஆன பூச்சாகிய உருஷியும் அத்தகைய சிக்கல் இல்லாதவை. அதோடு, தந்தத்தைவிட மரத்தில்தான் உளியின் போக்கு நன்றாகத் தெரிகிறது என்பது நெடுநாளாக எனக்குள்ள எண்ணம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் பார்ப்பதற்கே நிறைய நேரம் கொடுத்தேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும், பக்கவாட்டில் தாழ்வாக வைத்த விளக்கும் இருந்தால் போதும். மேலிருந்து பார்த்தால் சமமாகத் தெரியும் பூச்சு, பக்க வெளிச்சத்தில் எங்கெங்கே கூடாரமாக எழும்பியிருக்கிறது என்பதை நிழலால் காட்டிவிடும். முகமூடி நெட்சுகேயின் பின்புறம் குழிவாகக் குடையப்பட்டு, குறுக்கே ஒரு சிறு பாலம் விடப்பட்டிருக்கும். கயிறு அதைச் சுற்றித்தான் ஓடும். இதன் பாலத்தில், கயிறு படும் கீழ் விளிம்பு மட்டும் மழுங்கி, நடுவே மிக ஆழம் குறைந்த ஒரு பள்ளம் விழுந்து, அங்கே உருஷி தேய்ந்து மரம் தேன் நிறத்தில் பளபளத்தது. மேல் விளிம்போ இன்னும் கூராகவே இருந்தது. உப்புத்தாளால் செயற்கையாகத் தேய்ப்பவர்கள் இரண்டு விளிம்புகளையும் ஒன்றாகத் தேய்த்துவிடுவார்கள். எடை இழுக்கும் பக்கம் மட்டும் தேய்வதற்கு உண்மையான பயன்பாடு வேண்டும். கன்னத்தில் பூச்சு உதிர்ந்த இடத்தில் மரத்தின் இழைகளும் உளி சென்ற தடமும் தெரிந்தன. வார்ப்புப் பிசினில் செய்த போலிகளில் இவை இருக்க மாட்டா. அச்சின் பொருத்துக் கோடும் ஊசிமுனைக் காற்றுக் குமிழிகளும்தான் இருக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைப் பலர் பரிந்துரைப்பதுண்டு. பொருளைக் காயப்படுத்தித்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை எனக்கு இதுவரை வந்ததில்லை.

புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தபோதுதான் வேலையின் திசையே தெளிவாயிற்று. ஒடிந்த கொம்பின் அடியிலும், கண்களின் ஓரங்களிலும், பற்களின் மீதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மினுக்கம். அப்படி ஒளிர்வது ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சிகளிடமிருந்து கிடைக்கும் நம் ஊர் அரக்கு. உருஷி அவ்வாறு ஒளிர்வதில்லை. ஆக, கொம்பு முன்பே ஒருமுறை ஒடிந்திருக்கிறது. யாரோ அரக்குக் கரைசலால் ஒட்டியிருக்கிறார்கள். எஞ்சிய கரைசலில் பித்தளைப் பொடியைக் குழைத்துக் கண்ணையும் பல்லையும் ‘புதுப்பித்து’விட்டிருக்கிறார்கள். ஒருவகையில் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஷெல்லாக் எரிசாராயத்தில் கரையும். எபாக்ஸியோ உடனடிப் பசையோ போட்டிருந்தால் அதை எடுப்பதற்குள் மரமே சிதைந்திருக்கும்.

இங்கே உருஷியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பின்வரும் எல்லா முடிவுகளும் அதன் இயல்பைச் சார்ந்தவை. உருஷி பூச்சியின் சுரப்பன்று. உருஷி மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரம் ஒன்று ஒரு பருவத்தில் ஏறத்தாழ 200 கிராம் பால் தரும். பிறகு அதை வெட்டிவிடுகிறார்கள். ஜப்பானுக்குள் கிடைக்கும் உருஷியில் பெரும்பகுதி இவாதே மாநிலத்தின் ஜோபோஜி பகுதியிலிருந்து வருகிறது. ஆனால் நாட்டில் பயன்படும் உருஷியின் பெரும்பகுதி சீனாவிலிருந்து இறக்குமதியாவது. தேசியச் செல்வங்களாகவும் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாகவும் அறிவிக்கப்பட்ட கட்டடங்களைப் புதுப்பிக்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டுமென்று 2015இல் பண்பாட்டு விவகார முகமை வழிகாட்டிய பிறகு, உள்நாட்டுச் சரக்குக்கு ஏக கிராக்கி. என் வேலைக்குச் சீன உருஷியே போதுமானதாக இருந்தது.

உருஷி நீர் வற்றிக் காய்வதில்லை. அதிலுள்ள உருஷியோல் என்னும் பொருள், லாக்கேஸ் என்னும் நொதியின் துணையோடு, காற்றிலுள்ள உயிர்வளியைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. 1883இல் யோஷிதா ஹிகோரோகுரோ ஆராய்ந்து கண்டது அந்த நொதியைத்தான். நொதி வேலை செய்ய ஈரப்பதம் வேண்டும். அதனால் வெயிலில் காயவைத்தால் உருஷி இறுகாது. 70 முதல் 80 விழுக்காடு ஈரப்பதமும் 25 டிகிரி சூடும் உள்ள மூடிய அறையில்தான் இறுகும். இறுகிய பிறகு அமிலத்துக்கும் எரிசாராயத்துக்கும் கொதிநீருக்கும் அசையாது. அதன் ஒரே பெரும்பகை வெளிச்சம். புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு மேற்பரப்பு நுண்ணிய விரிசல்களாகப் பிளந்துவிட்டால், அதன்பின் வெறும் தண்ணீர்த் துளிகூட வெளுத்த கறையாக நின்றுவிடும்.

இறுகாத உருஷி தோலில் பட்டால் நாள்கணக்கில் தடித்து அரிக்கும். நம் ஊர்ச் சேராங்கொட்டையும் உருஷி மரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறியிடும் அந்தக் கொட்டையின் பாலில் இருப்பதும் உருஷியோலின் நெருங்கிய உறவுப் பொருள்தான். சேராங்கொட்டை பட்ட கை எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை. நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, மேசை மீது வேலை முடிந்ததும் எறிந்துவிடக்கூடிய காகிதம் ஆகியவற்றைக் கண்டிப்பாக வைத்துக்கொள்கிறேன். தப்பித் தவறித் தோலில் பட்டால் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்தெடுத்து, அதன் பிறகே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நேரே தண்ணீரைத் தொட்டால் பரவும்.

எதைச் செய்வது என்பதைவிட எதைச் செய்யக்கூடாது என்பதையே முதலில் எழுதி வைத்தேன். புருவ மேட்டிலும் மூக்கு நுனியிலும் கன்ன எலும்பிலும் சிவப்பு தேய்ந்து அடியிலுள்ள கறுப்புப் பூச்சு பிறை பிறையாக வெளித்தெரிகிறது. அது பழுதன்று. கீ பகுதியின் நெகோரோ-ஜி மடத்துப் பெயரால் வழங்கும் நெகோரோப் பாத்திரங்களில், கறுப்பின் மீது பூசிய சிவப்பு கைபட்டுத் தேய்ந்து கறுப்பு எட்டிப் பார்ப்பதைத்தான் மக்கள் விரும்பி வாங்குகிறார்கள். அந்த மடம் 1585இல் படைத்தலைவர் ஹிதேயோஷியின் படையால் எரிக்கப்பட்ட பிறகும் அந்தச் சுவை அழியவில்லை. கச்சையிலும் கட்டைவிரலிலும் பட்டுத் தேய்ந்த அந்தப் பிறைகளின் மீது புதுச் சிவப்பைப் பூசினால், இந்தப் பொருள் பயன்பட்ட காலம் முழுவதும் அழிந்துபோகும். எனவே முடிவு இவ்வாறு: எழும்பிய பூச்சைப் படிய வைப்பது, பழைய அரக்கை நீக்குவது, கொம்பை ஒட்டுவது, உதிர்ந்த பள்ளங்களில் ஓரம் பெயரும் அபாயமுள்ளவற்றை மட்டும் நிரப்புவது. தேய்ந்தவை தேய்ந்தபடியே இருக்கும். பின்புறத்தைத் தொடப்போவதில்லை.

எந்தப் பசை என்பது பழைய வழக்கு. ஜப்பானியக் கைவினைஞர்கள் உருஷியை உருஷியாலேயே செப்பனிடுவார்கள். அது வலுவானது, ஆனால் இறுகிவிட்டால் மீண்டும் பிரிக்க முடியாது. மேலை நாட்டு அருங்காட்சியகங்களில், பின்னால் வருபவர் பிரித்தெடுக்கக்கூடிய பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பார்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, 1640 வாக்கில் செய்யப்பட்ட மஸரின் பேழை என்னும் ஜப்பானிய உருஷிப் பெட்டியைச் செப்பனிட்டபோது இருதரப்பு வழிமுறைகளையும் சேர்த்தே கையாண்டார்கள். நானும் அப்படியே பிரித்துக்கொண்டேன்: எழும்பிய பூச்சுக்கு நிகாவா, தாங்கு வலிமை தேவைப்படும் கொம்புக்கு உருஷி.

நிகாவா என்பது நம் தச்சர்கள் முன்பு காய்ச்சிய வச்சிரப் பசையின் தூய்மையான வடிவம். குச்சியாகக் கிடைப்பதை உடைத்து இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் சுடுநீர்க் கிண்ணத்துக்குள் வைத்து உருக்கினேன். 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறவிடக்கூடாது. கொதித்துவிட்டால் ஒட்டும் தன்மை போய்விடும். எழும்பிய செதிலுக்குள் பசை நேரே நுழையாது. அதனால் மிக மெல்லிய தூரிகையின் நுனியால் எரிசாராயமும் நீரும் கலந்த துளியைச் செதிலின் விளிம்பில் தொட்டேன். அது உள்ளே உறிஞ்சப்பட்டு மரத்தை நனைத்ததும், அதன் பின்னாலேயே நீர்த்த நிகாவாவைத் தொட, அது தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது. வெளியே வழிந்ததை அந்தக் கணமே பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுக்க வேண்டும். வெளிச்சத்தால் நைந்த பரப்பில் ஈரம் நிற்கக்கூடாது.

ஒட்டுவதைவிட அழுத்திப் பிடிப்பதுதான் கடினம். முகமூடியில் சமதளமே கிடையாது; கவ்விகள் எதுவும் பொருந்தா. இதற்கு ஜப்பானிய உருஷி வேலையில் ஷிம்பரி என்று ஒரு முறை உண்டு. மரச்சட்டங்களால் ஒரு திறந்த கூண்டு செய்து, அதன் தரையில் பொருளை வைத்து, கூண்டின் கூரைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடச் சற்று நீளமான மூங்கில் ஈர்க்கை வளைத்துச் செருகினால், அது நிமிர முயன்று கீழே அழுத்தும். அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் ஈர்க்கைத் தடிப்பாக்கலாம். குறைக்க வேண்டுமானால் சீவி மெலிதாக்கலாம். எந்தக் கோணத்திலும் செருகலாம் என்பதுதான் இதன் பெருமை. நான் பழைய பழக்கூடைச் சட்டங்களில் அடிப்புறம் 20 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு கூண்டு செய்துகொண்டேன். முகமூடியைப் பஞ்சும் துணியும் வைத்த சிறு மணல் மூட்டையில் பதித்து, செதிலின் மேல் ஒட்டாத மெல்லிய பாலியெஸ்டர் தாளும், அதன் மேல் பட்டாணி அளவு சிலிக்கோன் துண்டும் வைத்து, ஈர்க்கின் நுனியை அதில் ஊன்றினேன். நெற்றிச் செதிலுக்கு இரண்டு ஈர்க்குகள் நேராகவும், கன்னச் செதிலுக்கு ஒன்று சாய்வாகவும். கன்னச் செதில் சுருண்டு விறைத்திருந்தது. அதை ஒரே மூச்சில் படியவைக்க முயன்றால் நொறுங்கிவிடும். மூடிய டப்பாவில் ஈரத்துணிக்கு அருகில் சில மணி நேரம் வைத்து இளக விட்டு, முதல் நாள் பாதியும் மறுநாள் மீதியுமாக, தடித்த ஈர்க்குக்கு மாற்றி மாற்றிப் படியவைத்தேன்.

பசை நன்றாக உலர்ந்த பிறகே துப்புரவு. மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையும் ரப்பர் காற்றுப் பந்தும் தூசியைப் பார்த்துக்கொண்டன. மெழுகும் கை எண்ணெயும் சேர்ந்த கறுத்த படலத்துக்கு மினரல் ஸ்பிரிட் போதுமானதாக இருந்தது. பித்தளை வண்ணம்தான் பொறுமையைச் சோதித்தது. எரிசாராயம் அரக்கைக் கரைக்கும். ஆனால் வெளிச்சத்தில் நைந்த உருஷியையும் அது மங்கலாக்கக்கூடும். முதலில் தாடையின் அடிப்பகுதியில், பிறர் கண்ணில் படாத இடத்தில், ஊசித்தலை அளவு சோதித்துப் பார்த்தேன். பஞ்சில் சிவப்பு ஏறவில்லை, பளபளப்பும் குறையவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பல்லாக, பஞ்சுச் சுருளில் எரிசாராயத்தைத் தொட்டு, பிழிந்து, சில நொடிகள் மட்டும் ஒற்றி, இளகிய வண்ணத்தைச் சீவிய மூங்கில் முனையால் வழித்தெடுத்தேன். உலோகக் கருவி எதுவும் கூடாது. அந்தப் பச்சை படர்ந்த மஞ்சளுக்கு அடியில், கண்களில் உண்மையான பொன்துகள் கிடந்தது: உருஷியின் மீது தூவி மெருகிட்ட தங்கம், கண்மணியின் துளையைச் சுற்றி மெல்லிய வளையமாக, மேற்புறம் தேய்ந்தும் இமை நிழலில் முழுமையாகவும். பற்களில் தங்கம் பாதிக்குமேல் போய்விட்டிருந்தது. இருப்பதை அப்படியே விட்டேன், புதிதாகத் தூவவில்லை.

கொம்புக்கு முகி-உருஷி. கோதுமை மாவில் சிறிது சிறிதாக நீர் விட்டு, பரோட்டாவுக்குப் பிசைவதைப் போல் பசையம் இழுபடும் வரை பிசைந்து, அதே அளவு கச்சா உருஷியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கண்ணாடிப் பலகையில் தட்டைக் கத்தியால் தேய்த்துக் கலக்க வேண்டும். கத்தியைத் தூக்கினால் நூலாக நீண்டு வருவதே பதம். கொம்பின் இரு முறிவு முகங்களிலும் இருந்த அரக்கை முழுவதும் எடுத்துவிட்டு, நீர்த்த உருஷியை மிக மெல்லியதாகத் தடவித் துடைத்து இறுகவிட்டிருந்தேன்; இல்லாவிட்டால் மரமே பசையைக் குடித்துவிடும். பிறகு இரு முகங்களிலும் முகி-உருஷியை ஒளி ஊடுருவும் அளவு மெல்லியதாகப் பூசி, அரைமணி நேரம் காற்றாட விட்டு, பொருத்தி, மீண்டும் ஷிம்பரிக் கூண்டில் ஒற்றை ஈர்க்கை நுனியில் ஊன்றினேன். ஆணியோ கம்பியோ வைக்கவில்லை. 4 சென்டிமீட்டர் முகத்தின் கொம்பு தீக்குச்சியைவிடச் சற்றே தடிப்பு. அதில் துளையிடுவது, ஒடிந்ததை மீண்டும் ஒடிப்பதற்கு வழிசெய்வதாகும்.

கூண்டோடு சேர்த்து முரோவுக்குள் வைத்தேன். உருஷியை இறுக வைக்கும் ஈரப்பெட்டிக்கு அந்தப் பெயர். கைவினைஞர்களின் கூடங்களில் அது சுவரளவு மர அலமாரியாக இருக்கும்; என்னுடையது மூடியுள்ள மரப்பெட்டி, உள்ளே நனைத்துப் பிழிந்த துண்டு, ஈரப்பதமானி. மழைக்காலமாக இருந்ததால் துண்டைக்கூடச் சில நாள்களில் எடுத்துவிட வேண்டியிருந்தது. முகி-உருஷி உள்ளே இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். பொருத்தின் ஓரத்தில் வெளியே பிதுங்கிய துளி கல்லாகிவிட்டது என்பதால் உள்ளேயும் அப்படியே என்று எண்ணிவிடக் கூடாது.

பள்ளங்களை நிரப்பியது சபி-உருஷி. கியோட்டோவின் யமாஷினாப் பகுதிக்குப் பெயர் தேடித்தந்த தோனோகோ என்னும் நுண்மண் பொடியை நீரில் குழைத்து, அதனோடு கச்சா உருஷியைச் சேர்த்த கூழ் அது. ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே நின்றுவிடும். காகிதத் தடிப்பளவு பூசி, இறுகவிட்டு, மீண்டும் பூச வேண்டும். சமன்படுத்துவதற்கு வழக்கமாக நீரோடு சேர்த்துச் சாணைக்கல்லோ கரியோ தேய்ப்பார்கள். இங்கே சுற்றியுள்ள பழைய பூச்சில் நீர் படக்கூடாது என்பதால், பென்சில் முனை போலச் சீவிய கரித்துண்டை எண்ணெயில் தொட்டு, லென்ஸுக்குக் கீழ் நிரப்பிய இடத்தை மட்டும் தேய்த்தேன். மட்டம் பழைய பூச்சைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கும்படி நிறுத்தினேன். இரண்டு காரணங்கள்: மேலே வரும் நிறப்பூச்சுக்கு இடம் வேண்டும், பின்னால் பார்ப்பவர் பக்க வெளிச்சத்தில் எது பழையது, எது நான் சேர்த்தது என்று கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

சிவப்பு என்பது ஒரே சிவப்பன்று. உருஷியில் கலக்கும் சிவப்பு இரண்டு: சாதிலிங்கமும், பெங்காரா எனப்படும் இரும்புக் காவியும். முன்னது செந்தூரப் பளிச்சு. பின்னது செங்கல்லை நோக்கிச் சாயும். ஹன்யாவின் தாடையடியில் வெளிச்சமே படாத இடத்துச் சிவப்பைப் பார்த்தால், சாதிலிங்கத்தோடு சிறிது பெங்காரா சேர்ந்த நிறம் என்று தோன்றிற்று. கன்னத்தில் அதுவே பழுப்பேறியிருந்தது. ஓகயாமாவின் ஃபுகியா சுரங்கப் பகுதி ஒருகாலத்தில் பெங்காராவுக்குப் பெயர்பெற்றது. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ஆலைச் சரக்கு. அது என் தேவைக்குக் குறையில்லாதது. நான் பெங்காராவை மட்டுமே எடுத்துக்கொண்டேன். சாதிலிங்கம் பாதரசச் சேர்மம் என்பது ஒரு காரணம். இட்டு நிரப்பிய இடம் பழையதைவிட அடங்கித் தெரிவது நல்லது என்பது இன்னொன்று.

நிறம் கலந்த உருஷியில் ஒரு வேடிக்கை உண்டு. பூசி இறுகியவுடன் அது எதிர்பார்த்ததைவிடக் கறுத்துத் தெரியும். பல மாதங்கள் போகப் போக உருஷியின் பழுப்பு தெளிந்து, உள்ளிருக்கும் நிறம் மெல்ல மேலெழும். ஈரப்பதம் மிகுந்து வேகமாக இறுகிவிட்டால் நிறம் கறுத்தே நின்றுவிடும். பூச்சு தடிப்பாக இருந்தால் தோல் சுருங்கி வரிவரியாகிவிடும். ஆகவே நிறப்பூச்சுக்கு முரோவின் ஈரப்பதத்தை 65 விழுக்காட்டுக்கு அருகில் தாழ்த்தி, மெதுவாகவே இறுகவிட்டேன். இறுகியதா என்று பார்க்கக் கைவினைஞர்கள் விரலால் தொடுவதில்லை. பூச்சின் மீது வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரம் படிந்து நீலம் பாய்ந்த வெண்படலமாகத் தெரிந்து உடனே மறைந்தால், மேற்பரப்பு பிடித்துக்கொண்டது என்று பொருள். முதன்முறை பார்க்கும்போது மரத்துண்டின் மீது அப்படியொரு நீலம் எங்கிருந்து வந்தது என்று வியப்பாகத்தான் இருக்கும்.

இம்முறை எல்லா முகமூடிகளுக்கும் பொருந்தாது என்பதையும் குறித்து வைக்கிறேன். மேடையில் அணியும் முழு அளவு நோ முகமூடியின் முகப்பு பெரும்பாலும் உருஷி அன்று. சிப்பிச் சுண்ணப் பொடியை நிகாவாவில் குழைத்துப் பூசி அதன்மேல் வண்ணம் தீட்டியது. நீர் பட்டால் அது கரையும், எரிசாராயமும் ஆபத்து. சாமுராய்களின் முகக் கவசங்களோ இரும்பின் மேல் சூட்டில் சுட்டு இறுக்கிய உருஷி. அங்கே பூச்சு எழும்புவதற்குக் காரணம் மரம் சுருங்குவதன்று, அடியில் பிடித்த துரு. துருவை நிறுத்தாமல் செதிலை மட்டும் ஒட்டினால் அடுத்த மழைக்காலத்தில் அது மீண்டும் எழும். அத்தகையவற்றை நான் கையில் எடுப்பதில்லை. நல்ல நெட்சுகேக்களைப் பார்த்துப் பழக விரும்புபவருக்குக் கியோட்டோவின் மிபு பகுதியில், பழைய சாமுராய் வீடொன்றில் 2007இல் தொடங்கிய நெட்சுகே அருங்காட்சியகமும், டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள இளவரசர் தகமதோ சேகரிப்பும் இருக்கின்றன. பழுதடைந்த பொருளை வாங்குவதற்கு முன் பழுதில்லாத பொருள்களைக் கண் நிறையப் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது தேய்வு, எது பழுது என்று பிரித்தறிய முடியாது.

இப்போது ஹன்யா பாலோனியா மரப்பெட்டியில், வெளுக்காத பருத்தித் துணியில் இருக்கிறது. ஜப்பானிய வீடுகளில் குளிர்காலச் சூடேற்றியால் காற்று வறண்டு, மரம் சுருங்க, சுருங்க முடியாத உருஷி எழும்புகிறது என்பதால், அலமாரிக்குள் ஒரு சிறு குவளை நீர் வைத்து ஈரப்பதத்தை 55 விழுக்காட்டை ஒட்டிக் காத்து வருகிறேன். பெட்டிக்குள் ஒரு காகிதம்: எங்கே நிகாவா, எங்கே முகி-உருஷி, எந்தப் பள்ளத்தில் சபி, என்ன நிறமி, எந்த மாதம் என்பதெல்லாம் ஒரு வரைபடத்தோடு. விற்றாலும் கொடுத்தாலும் அந்தக் காகிதம் பொருளோடு போகும். முன்னால் அரக்கு பூசியவர் அப்படி ஒன்று எழுதி வைத்திருந்தால் புற ஊதா விளக்குக்கு வேலையே இருந்திருக்காது.

கன்னத்தில் நிரப்பிய இடம் இன்னும் சுற்றியுள்ள சிவப்பைவிட ஒரு படி கறுத்தே இருக்கிறது. நிறம் தெளிவதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அடுத்த மழைக்காலம் வரும்போது பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, அப்போதும் கறுப்பாகவே நின்றால், மேலே ஒரு மெல்லிய பெங்காராப் பூச்சைத் தடவித் துடைப்பதா அல்லது அப்படியே விடுவதா என்று முடிவு செய்வேன். கொம்பின் பொருத்துக் கோட்டுக்கு நிறம் தீட்டும் வேலை அதற்குப் பிறகுதான்.